சீன மாணவர்களும் ‘ஆபத்து வருகிறது’ என்பதற்கான ஆங்கிலமும்

சிங்கப்பூரில், சீனாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். கட்டுமானத் தளத்து வெல்டர்கள், உணவகச் சமையலறையில் நிற்பவர்கள், எலக்ட்ரானிக்ஸ் ஆலைக்காரர்கள், சில நர்சுகள், பிள்ளைகளின் படிப்புக்காகக் கூடவே வந்து தங்கிவிட்ட தாய்மார்கள் என்று வகுப்பு கலவையாக இருக்கும். ஃபூஜியான், ஜியாங்சு, ஷான்டோங், சிச்சுவான் என்று ஊர்களும் கலவைதான். எல்லாருக்கும் நான் ‘லாவ்ஷி’, அதாவது டீச்சர்.

பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வந்தவர்களுக்கு ஆங்கிலச் சொற்கள் நிறையவே தெரியும். சீனாவில் சொற்பட்டியலை உருப்போட்டுத்தான் தேர்வு எழுதுகிறார்கள். பட்டியல் அகர வரிசையில் இருப்பதால் முதல் பக்கத்திலேயே ‘அபாண்டன்’ நிற்கும். கைவிடு என்று பொருள். புத்தகத்தைத் திறந்ததுமே கைவிடச் சொல்கிறது என்பது அங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் ஜோக். கைவிடாமல் ‘ஐ’ எழுத்துவரை போனவர்களுக்கு ‘இம்மினென்ட்’ தெரியும், ‘இம்பெண்டிங்’ தெரியும். ஆனால் அலமாரி மேல் ஒரு பெட்டி சரிந்து நிற்கிறது, கீழே ஒருவர் குனிந்து வேலை செய்கிறார் என்றால் அவர்கள் வாயில் ஒன்றும் வராது. ‘இட்ஸ் அபௌட் டு ஃபால்’ என்பதில் அவர்களுக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. இருந்தும் வராது.

காரணம், பட்டியலில் பக்கத்தில் இருக்கும் சீன விளக்கம். இம்மினென்ட், இம்பெண்டிங், அப்கமிங், ஃபோர்த்கமிங் எல்லாவற்றுக்கும் ‘ஜிஜியாங்’ என்று தொடங்கும் ஏறக்குறைய ஒரே விளக்கம்தான் இருக்கும். சீக்கிரம் நடக்கப்போகிற என்று அர்த்தம். ஒரே விளக்கம் என்றால் ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை வைக்கலாம் என்று மாணவர் நினைப்பது நியாயம்தானே. நான் அந்த விளக்கத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு கேள்விகள் கேட்கிறேன். இதைக் கேட்பவருக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது? அந்த நேரத்தில் அவர் என்ன செய்ய வேண்டும்? ஆபத்தைச் சொல்லும் சொற்களை இந்த இரண்டையும் வைத்துப் படித்தால்தான் தேவைப்படும்போது வாயில் வரும் என்பது என் கட்சி.

முதலில் இலக்கணத்தில் இருக்கும் ஒரு பெரிய பள்ளத்தைத் தாண்ட வேண்டும். சீன மொழியில் வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப மாறாது. ‘லாய்’ என்றால் வா. அதன் பின்னால் ‘லே’ என்ற ஓர் அசையைச் சேர்த்து ‘லாய் லே’ என்றால் வந்துவிட்டது என்றும் பொருள், இதோ வருகிறது என்றும் பொருள். தெருமுனையில் பேருந்து தெரிந்ததும் ‘சே லாய் லே’ என்பார்கள். மழை இருட்டிக்கொண்டு வந்தால் ‘யாவ் ஷியா யூ லே’. இதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டு ஒரு மாணவி என்னிடம் ‘லாவ்ஷி, ரெயின் கேம்’ என்றார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், தரை காய்ந்துதான் கிடந்தது. மேற்கே மட்டும் கறுத்திருந்தது. மழை வரப் பார்க்கிறது என்பதைத்தான் அவர் சொல்லியிருக்கிறார்.

இதில் நாம் சிரிக்க ஒன்றுமில்லை. கட்டிலை விட்டு எழாமலேயே ‘இதோ வந்துட்டேன்’ என்று போனில் சொல்லும் ஆட்கள் நாம். ‘பஸ் வந்துடுச்சு, ஓடு’ என்னும்போது பஸ் இன்னும் சிக்னலில்தான் நிற்கும். வரப்போவது உறுதி என்று பட்டால் தமிழில் இறந்தகாலத்தில் சொல்லிவிடுகிறோம். அதனால் சீன மாணவர்களின் இந்தக் குழப்பத்தை ஆங்கிலம் மட்டுமே தெரிந்த ஆசிரியரைவிடத் தமிழ் ஆசிரியர் சட்டென்று பிடித்துக்கொள்ள முடியும்.

ஆடு மேய்க்கும் பையன் சும்மா சும்மா ஊரைக் கூப்பிட்ட கதையை இதற்குத்தான் எடுத்துக்கொள்வேன். சீனத்தில் அந்தப் பையன் ‘லாங் லாய் லே’ என்று கத்துகிறான், ஓநாய் வந்துவிட்டது. தமிழ்ப் பையன் ‘புலி வருது, புலி வருது’ என்கிறான். ஆங்கிலப் பையன் வினைச்சொல்லைத் தொடவே இல்லை, ‘உல்ஃப்! உல்ஃப்!’ அவ்வளவுதான். மூன்றையும் பலகையில் எழுதிவிட்டு, ஓநாய் இப்போது எங்கே இருக்கிறது, ஆங்கிலத்தில் முழு வாக்கியமாகச் சொல்லுங்கள் என்பேன். மலை மேல் தெரிகிறதா? ‘எ உல்ஃப் இஸ் கமிங்’. வேலியைத் தாண்டக் காலைத் தூக்கிவிட்டதா? ‘இட்ஸ் அபௌட் டு ஜம்ப்’. உள்ளே வந்தாயிற்றா? ‘இட்ஸ் இன்சைட்’. கடைசியில் ‘ஹேஸ் கம்’ என்று எழுத எல்லாருக்கும் ஆசை. ஆனால் ஓநாய் உள்ளே நிற்கும்போது வந்த செய்தியைவிட எங்கே நிற்கிறது என்பதுதான் கேட்பவருக்கு வேண்டும்.

இந்த ஊரில் இதற்குக் குறுக்குவழி ஒன்று உண்டு. ‘ரெயின் கமிங் ஆல்ரெடி’ என்பார்கள். சிங்கப்பூர் ஆங்கிலத்தின் அந்த ‘ஆல்ரெடி’யின் பின்னால் இருப்பது இதே ‘லே’தான். ‘ஆயிற்று’ என்ற பொருளில் மலாய்க்காரர்கள் சொல்லும் ‘சுடா’வும் அதற்குத் துணை. காப்பிக்கடையில், தளத்தில், பஸ் நிறுத்தத்தில் எல்லாருக்கும் இது புரிகிறது, யாரும் திருத்த வேண்டியதில்லை. சிங்கிலீஷைக் கேலி செய்யும் ஆசிரியர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஆனால் வெளிநாட்டு மேலாளருக்குப் போனில் ‘வாட்டர் கமிங் ஆல்ரெடி’ என்றால், வெள்ளம் கிடங்குக்குள் புகுந்துவிட்டதா, இன்னும் வாசல்படியில் நிற்கிறதா என்று அவருக்குத் தெரியாது. அந்த இடத்தில் மட்டும் ‘தி வாட்டர் இஸ் அட் தி டோர்’ என்று சொல்லப் பழக்குகிறேன்.

அடுத்து ‘டேஞ்சரஸ்’. சீனத்தில் ‘தா ஹென் வெய்ஷியென்’ என்றால் அவர் ஆபத்தில் இருக்கிறார் என்றும் கொள்ளலாம், அவர் ஆபத்தான ஆள் என்றும் கொள்ளலாம். என் வகுப்பு வெல்டர் ஒருவர், கிரேன் தூக்கிய இரும்புக் கட்டுக்குக் கீழே கூட்டாளி ஒருவர் போய் நின்றதைப் பார்த்திருக்கிறார். சூப்பர்வைசரிடம் ஓடி ‘ஹீ இஸ் வெரி டேஞ்சரஸ்!’ என்றாராம். சூப்பர்வைசர் மேலே பார்க்கவில்லை. அந்த ஆள் யாரிடமாவது கையை ஓங்கிவிட்டானோ என்று முகத்தைப் பார்த்திருக்கிறார். நல்ல வேளையாக, சிக்னல் கொடுப்பவர் கிரேனை நிறுத்திவிட்டார். வெல்டர் இதைச் சொல்லி முடித்ததும் வகுப்பே சிரித்தது, அவரும் சிரித்தார். பிறகு எல்லாரும் ‘ஹீ இஸ் இன் டேஞ்சர்’ என்று நோட்டில் எழுதிக்கொண்டார்கள். உண்மையில் அந்த நொடிக்கு அதுவும் சரிவராது. ஆபத்தில் இருப்பவரைப் பற்றி மூன்றாம் ஆளிடம் வாக்கியம் அமைப்பதைவிட, அவரைப் பார்த்தே ‘கெட் பேக்!’ என்று கத்துவதுதான் வேலை.

கத்துவதைத் தனியாகப் பழக வேண்டும். கசக்கிய தாள் உருண்டை ஒன்றை எடுத்துக்கொண்டு வகுப்பின் பின்னால் போய் நிற்பேன். ஒருவர் முதுகைக் காட்டி நிற்பார். நான் எறிவேன், எதிரே நிற்பவர் கத்த வேண்டும், மற்றவர் நகர வேண்டும். முதல் சுற்றில் ‘ஷியாவ் ஷின்!’ என்று சீனம்தான் வரும். அடுத்த சுற்றில் நிதானமாக ‘ப்ளீஸ் பீ கேர்ஃபுல்’ என்று வரும். அதற்குள் உருண்டை தலையில் பட்டுத் தரையில் கிடக்கும். ‘பீ கேர்ஃபுல்’ என்பது வழுக்கும் தரையைக் காட்டிச் சொல்வதற்கு, வீட்டிலிருந்து கிளம்பும் மகளுக்குச் சொல்வதற்கு. பறந்து வரும் பொருளுக்கு ‘வாட்ச் அவுட்!’ வேண்டும். ‘லுக் அவுட்!’ என்றாலும் அதேதான். ஆனால் ‘லுக் அவுட்’ என்றதும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டும் ஆட்கள் உண்டு என்பதால் நான் முதலாவதைத்தான் வலியுறுத்துகிறேன். ‘டக்!’ என்றால் குனி. வகுப்பில் பாதிப் பேர் வாத்தைத் தேடுவார்கள்.

‘ஹெட்ஸ் அப்’ இன்னும் மோசம். சொல்லைப் பார்த்தால் தலையைத் தூக்கு என்கிறது. மேலிருந்து ஏதோ விழும்போது தலையைத் தூக்கினால் என்ன ஆகும்? போதாததற்கு, அலுவலக மின்னஞ்சலில் ‘ஜஸ்ட் எ ஹெட்ஸ் அப்’ என்றால் முன்கூட்டியே தெரிவிக்கிறேன் என்று சாதுவாக ஒரு பொருள். தளத்தில் வேலை செய்பவர்களிடம் இதைக் காதில் வாங்கினால் புரிந்துகொள்ளுங்கள், நீங்களாகக் கத்தும்போது ‘மூவ்!’, ‘ஸ்டாண்ட் க்ளியர்!’ என்று கத்துங்கள் என்று சொல்லிவிட்டேன். ஒன்றிரண்டு அசை, செய்ய வேண்டியதைச் சொல்லும் வினை. பக்கத்து அறையில் வகுப்புக்கு வரும் புதுக்கோட்டைத் தம்பி ஒருவர், ‘அக்கா, எங்க சைட்ல தமிழ், சீனம், வங்காளம் மூணும் கத்துறாங்க, எதுக்கு ஓடுறதுன்னே தெரியல’ என்றார். காலையில் வேலை தொடங்கும் முன் பாதுகாப்பு பற்றிப் பேசும் டூல்பாக்ஸ் மீட்டிங்கிலேயே இந்தத் தளத்தில் எந்தச் சொல்லைக் கத்துவது என்று பேசி வைத்துக்கொள்ளச் சொன்னேன். மொழி எதுவானால் என்ன, எல்லாரும் ஒரே சொல்லுக்கு நகர வேண்டும்.

இனி கொஞ்சம் நேரம் இருக்கிற ஆபத்துகளுக்கு வருகிறேன். மாணவர்கள் சொற்பட்டியலில் சேர்த்து வைத்த சொத்தெல்லாம் இங்கேதான் செலவாகும். இதற்கு எனக்குக் கிடைத்த மிக நல்ல கருவி சீனாவின் புயல் எச்சரிக்கை நிறங்கள். நீலம், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கு. நீலமும் மஞ்சளும் 24 மணி நேரத்துக்குள் பாதிப்பு வரலாம் என்பதற்கு. மஞ்சளில் காற்றின் வலு கூடுதல். ஆரஞ்சு என்றால் 12 மணி நேரம். சிவப்பு என்றால் 6 மணி நேரம். கடற்கரை மாகாணத்து ஆட்களுக்கு இது சின்ன வயதிலிருந்தே மனதில் பதிந்த கணக்கு. ஆங்கிலச் சொற்களை இந்த நிறங்களின் மேல் உட்கார வைத்துவிட்டால் சீன விளக்கமே தேவைப்படுவதில்லை.

ஃபூஜியானின் கடற்கரை நகரமான ஷியாமெனைச் சேர்ந்த ஒருவர் வகுப்பில் இருந்ததால் மெராண்டி புயலை எடுத்துக்கொண்டோம். 2016 செப்டம்பர் 15, அதிகாலை மூன்று மணியைத் தாண்டிய சிறிது நேரத்தில் ஷியாமெனின் ஷியாங்ஆன் பகுதியில் கரையைக் கடந்தது. அன்றைக்கு நிலாப் பண்டிகை. நிலாப் பணியாரம் வாங்கி வைத்துவிட்டு ஊரே இருட்டில் உட்கார்ந்திருந்தது என்றார். மெராண்டி என்பது மலேசியா கொடுத்த பெயர், ஒரு மரத்தின் பெயர். இங்கே மரக்கடைக்குப் போகிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த மரம். மரத்தின் பெயர் கொண்ட புயல் அவர் ஊர்ச் சாலையோர மரங்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனது. அந்தப் பெயரை அதன் பிறகு பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

பலகையில் ஒரு கோடு போட்டு, கடைசி முனையில் 15ஆம் தேதி அதிகாலையை வைத்தேன். பின்னோக்கி வந்தோம். பசிபிக் கடலில் புயல் உருவாகிக்கொண்டிருக்கும்போது ‘எ ஸ்டார்ம் இஸ் ப்ரூயிங்’. இந்தச் சொல் சீனர்களுக்கு லட்டு மாதிரி. ‘யுன்னியாங்’ என்று அவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது. மது காய்ச்சுவதற்கான சொல், புயலுக்கும் கலகத்துக்கும் மனதில் திரளும் கோபத்துக்கும் அதையே சொல்வார்கள். ஆங்கிலத்திலும் அப்படியே. இரண்டு மொழியும் இப்படிச் சேரும் இடம் குறைவு, கிடைத்தால் விடக்கூடாது.

புயல் பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே நகரத் தொடங்கியதும் ‘ஆன் இட்ஸ் வே’. 14ஆம் தேதி தைவானின் தென்முனையை ஒட்டி வரும்போது ‘ஹெடிங் ஃபார் ஃபூஜியான்’, ‘அப்ரோச்சிங் ஃபூஜியான்’. இங்கே எல்லாரும் ‘அப்ரோச்சிங் டு’ என்றார்கள். அந்த ‘டு’ வேண்டாம். தமிழில் ‘கரையை நெருங்குகிறது’ என்று இரண்டாம் வேற்றுமை போடுகிறோமே, அதுபோல நேராகப் போய் ஒட்டும். அன்றிரவு ஜன்னல் அதிர ஆரம்பித்த பிறகு ‘பேரிங் டவுன் ஆன் ஷியாமென்’. பெரியதாக, வேகமாக, நிறுத்த முடியாததாக நம்மை நோக்கி வருவதற்கு மட்டும்தான் இந்தச் சொல். லாரி வரலாம், கப்பல் வரலாம், புயல் வரலாம். சைக்கிள் வந்தால் சொன்னால் சிரிப்பார்கள். ‘பேர்’ என்றதும் கரடியை நினைத்த மாணவர் ஒருவர், கரடி மேலே விழுவதுபோல என்று நோட்டில் படம் போட்டு வைத்துக்கொண்டார். தவறான வழிதான், ஆனால் சொல் மறக்காமல் நின்றுவிட்டது. நான் திருத்தவில்லை.

சிவப்பு நிறத்தில் ‘லேண்ட்ஃபால் இஸ் இம்மினென்ட்’. சீன மரபுத்தொடர் ஒன்று, ஆபத்து புருவத்தையும் இமைமுடியையும் தொட்டுவிட்டது என்கிறது: ‘போ ட்ஸாய் மெய் ஜியே’. இம்மினென்ட் என்பதன் தூரம் சரியாக அவ்வளவுதான் என்றதும் எல்லாருக்கும் பிடிபட்டது. இன்னும் மூன்று மாதம் இருக்கும் தேர்வுக்கு இதைப் போடக்கூடாது என்பதற்கும் வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

‘க்ளோசிங் இன் ஆன்’ மட்டும் இந்தக் கோட்டில் சரியாக உட்காரவில்லை. அதற்குள் சூழ்வது, இடத்தைக் குறுக்குவது என்ற சாயல் இருக்கிறது. போலீஸ் திருடனைச் சூழும், பனிமூட்டம் சூழும். காட்டுத் தீ ஒரு கிராமத்தைச் சூழ்ந்தால் பொருந்தும். நேர்கோட்டில் வரும் புயலுக்கும் செய்தியில் எழுதுகிறார்கள்தான், ஆனால் பழகும் காலத்தில் தீக்கும் போலீசுக்கும் வைத்துக்கொள்வது நல்லது.

உச்சரிப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சிச்சுவான்காரர்களில் சிலருக்கு ‘ல’வும் ‘ந’வும் கலந்துவிடும், ‘லூமிங்’ அவர்கள் வாயில் ‘நூமிங்’ ஆகும். ‘த்ரெட்’டின் முதல் ஒலி பலருக்கு ‘ஸ்ரெட்’ ஆகும். நமக்கு வேறு வியாதி. மிரட்டலும் தையல் நூலும் நம் வாயில் ஒன்றாகிவிடும்.

நிறப் பாடத்தின்போது ஹாங்காங்கில் அக்கா இருக்கும் ஒரு மாணவி, அங்கே நிறத்தைவிட எண்தான் முக்கியம் என்றார். 1, 3, 8, 9, 10. புயலுக்கு எண் கொடுக்கும் முறை அங்கே 1917இல் வந்தது. எட்டாம் எண் என்றால் பள்ளி மூடல், பெரும்பாலான அலுவலகங்களும் மூடல். ‘எட்டாம் எண் காற்றுப்பந்து தொங்குகிறது’ என்று கன்டோனீஸில் இன்றும் சொல்கிறார்கள். கம்பத்தில் அடையாளச் சின்னங்களை ஏற்றிய காலத்துப் பேச்சு. எனக்குச் சட்டென்று நாகப்பட்டினமும் கடலூரும் கண்ணில் வந்தன. ‘மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்’ என்று நம் பத்திரிகைகள் இன்னும் எழுதுகின்றனவே. கப்பல்காரர்களுக்காகத் துறைமுகத்தில் ஏற்றிய குறி, இரண்டு கடற்கரைகளிலும் பேச்சில் தங்கிவிட்டது. நான் அதைச் சொன்னபோது, உங்கள் ஊரில் கூண்டுக்குள் எதை அடைப்பார்கள் என்று அந்த மாணவி கேட்டார். யாருக்குத்தான் தெரியும்!

ஹாங்காங் வானிலை மையத்தின் ஆங்கில அறிக்கைகள் வகுப்புக்கு மிக நல்ல வாசிப்பு. எட்டாம் எண்ணை ஏற்றும் முன் இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு முன்னறிவிப்பு கொடுப்பார்கள். அதற்கும் முன்பே, ஏற்றுவது பற்றிப் ‘பரிசீலிக்கும்’, வாய்ப்பு ‘ஒப்பீட்டளவில் அதிகம்’ என்ற ரீதியில் நடை போகும். சீனத்தின் ‘ஹுய்’ என்ற ஒரே சொல் நடக்கும் என்பதற்கும் நடக்கக்கூடும் என்பதற்கும் வரும் என்பதால் மாணவர்கள் எங்கு பார்த்தாலும் ‘வில்’ போடுவார்கள். ‘மே’, ‘லைக்லி டு’, ‘எக்ஸ்பெக்டெட் டு’, ‘வில்’ என்று ஒரே அறிக்கை நேரம் ஆக ஆக எப்படி இறுகுகிறது என்று காட்டினால் நான் தனியாக விளக்கவே வேண்டியதில்லை.

அமெரிக்காவில் மகள் படிக்கும் ஒரு தாய் ஒருநாள் பதறிப்போய் வந்தார். மகளுக்கு ‘டோர்னேடோ வாட்ச்’ என்று செய்தி வந்திருக்கிறது. வாட்ச் என்றால் பார், அப்படியானால் சூறாவளி கண்ணுக்குத் தெரிகிறது என்று முடிவு செய்துவிட்டார். அங்கே ‘வாட்ச்’ என்றால் உருவாவதற்குச் சாதகமான சூழல் இருக்கிறது, கவனித்துக்கொண்டிரு என்று பொருள். ‘வார்னிங்’ என்றால்தான் யாரோ கண்ணால் பார்த்துவிட்டார்கள் அல்லது ராடாரில் தெரிந்துவிட்டது, உடனே பத்திரமான இடத்துக்குப் போ. கடல் புயலுக்கும் இதே ஜோடிதான்: பலத்த காற்று வருவதற்கு 48 மணி நேரம் முன்பு ‘வாட்ச்’, 36 மணி நேரம் முன்பு ‘வார்னிங்’. சொல்லின் பொருளை வைத்து ஊகித்தால் மாட்டிக்கொள்ளும் இடம் இது. எந்த ஊருக்குப் போகிறீர்களோ அந்த ஊர் எச்சரிக்கைச் சொற்களை முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும். சிங்கப்பூரில் தேசிய சேவை என்னும் கட்டாய ராணுவப் பணி செய்தவர்களிடம் ‘கேட் ஒன்’ என்று சொல்லிப் பாருங்கள், மின்னல் அபாயம் என்று அகராதி இல்லாமலேயே கூரைக்குக் கீழே போய்விடுவார்கள்.

‘லூமிங்’ என்ற சொல்லுக்குத் தனியாக ஒரு மாலை வேண்டியிருந்தது. மங்கலாக, பெரிதாக, மேலே கவிந்துகொண்டு வருவது. மூடுபனியில் கப்பல் எழுவதற்கும் சொல்வார்கள், ஆட்குறைப்புக்கும் சொல்வார்கள். ஆலைக்காரர்கள் ‘லேஆஃப்ஸ் ஆர் லூமிங்’ என்பதை உடனே பிடித்துக்கொண்டார்கள், பாவம். இளைஞர்களுக்கு டெட்லைன். சீன இளைஞர்கள் அதை ‘டிடிஎல்’ என்று சுருக்கி, டிடிஎல்தான் முதன்மையான உற்பத்தி சக்தி என்று கட்சி முழக்கம்போலக் கிண்டலடிப்பார்கள். ‘தி டெட்லைன் இஸ் லூமிங்’ அவர்களுக்குத் தினசரி வாக்கியமாகிவிட்டது.

வீட்டுப்பாடத்தில் ஓர் அம்மா எழுதியிருந்தார்: ‘மை டாட்டர்ஸ் வெட்டிங் இஸ் லூமிங்.’ இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. மாப்பிள்ளை பிடிக்கவில்லையா என்று கேட்டேன். ஏன் கேட்கிறீர்கள் லாவ்ஷி என்றார். பிடிக்காத ஒன்று, பயப்படுகிற ஒன்று வரும்போதுதான் இந்தச் சொல், சந்தோஷமானதற்கு ‘அப்கமிங்’ போட வேண்டும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, விருந்துச் செலவை நினைத்தால் ‘லூமிங்’கே இருக்கட்டும் என்றார். அப்படியே விட்டுவிட்டேன். சொல்லைத் தெரிந்தே தேர்ந்தெடுக்கிறவரை ஆசிரியர் திருத்தக் கூடாது.

‘ஹேங்கிங் ஓவர்’ இதன் பங்காளி. தலைக்கு மேல் கத்தி தொங்குகிறது என்று நாமும் சொல்கிறோம். பெரிய கேடு தலைக்கு வந்துவிட்டது என்று சீனத்திலும் இருக்கிறது. ஆனால் வருவதற்கு முந்தைய அறிகுறியில் மொழிக்கு மொழி வேறுபாடு உண்டு. மலைமழை வரப்போகிறது, மாடம் முழுக்கக் காற்று என்று ஒரு பழைய தாங் காலத்துக் கவிதை வரி இன்று சீனத்தில் பழமொழியாகப் புழங்குகிறது. அங்கே அறிகுறி காற்று. ஆங்கிலத்துக்காரர்களுக்குப் புயலுக்கு முந்தைய அறிகுறி அமைதி. அந்த வரியை ஆங்கிலப்படுத்தச் சொன்னால் மாணவர்கள் மலை, மழை, கட்டடம் என்று வரிசையாக அடுக்குவார்கள். ஆங்கிலம் பேசுகிற ஆளுக்கு அது வானிலைச் செய்தியாகத்தான் கேட்கும். அலுவலகத்தில் ஏதோ நடக்கப்போகிறது என்று சொல்ல ‘தேர்ஸ் ட்ரபிள் ப்ரூயிங்’ போதும்.

‘இம்பெண்டிங்’ என்பதைக் கடைசிக்கு வைத்திருந்தேன். இது பெரும்பாலும் பெயர்ச்சொல்லுக்கு முன்னால்தான் நிற்கும்: ‘இம்பெண்டிங் டிசாஸ்டர்’. ‘தி டிசாஸ்டர் இஸ் இம்பெண்டிங்’ என்பது அரிது, அந்த இடத்தில் ‘இம்மினென்ட்’ போட்டால் உறுத்தாது. ‘பெண்டிங்’ என்பதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது, அது கோப்பு மேசையில் கிடப்பது. பொதுவாக நான் இதைப் படித்தால் புரிந்துகொள்ள வேண்டிய சொல், பேசத் தேவையில்லாத சொல் என்று ஒதுக்கிவிடுவேன். நர்சுகளுக்கு மட்டும் விதிவிலக்கு.

மருத்துவப் புத்தகங்களில் ‘சென்ஸ் ஆஃப் இம்பெண்டிங் டூம்’ என்று ஓர் அறிகுறி இருக்கிறது. ஏதோ பயங்கரம் நடக்கப்போகிறது, செத்துவிடுவேன் என்று நோயாளிக்கு உள்ளுக்குள் தோன்றுவது. மாரடைப்பில் வரும், கடுமையான ஒவ்வாமையில் வரும், நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்தால் வரும், பொருந்தாத ரத்தம் ஏற்றிவிட்டால் வரும். வெறும் பதற்றம் என்று தள்ளிவிடக் கூடாது. என் வகுப்பு நர்சுகளுக்கு அந்தத் தொடர் தேர்வுக்காக ஏற்கெனவே தெரியும். அவர்களுடைய சிக்கல் வேறு. வார்டில் எந்த நோயாளியும் அந்தத் தொடரைச் சொல்ல மாட்டார். ‘சம்திங் இஸ் நாட் ரைட்’ என்பார். ‘ஐ ஃபீல் லைக் ஐ’ம் கோயிங்’ என்பார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டுவிடக் கூடாது. பத்து வாக்கியங்களைப் பலகையில் எழுதி, எதைக் கேட்டால் டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று பிரிக்கச் சொன்னேன்.

டாக்டரிடம் சொல்வதற்கும் பழகினோம். ‘பேஷண்ட் நாட் குட்’ என்றால் அவர் மெதுவாகத்தான் வருவார். ‘ஐ’ம் வொரீட். ஹீ சேஸ் ஹீ இஸ் கோயிங் டு டை. ஹீ வாஸ் ஃபைன் டென் மினிட்ஸ் எகோ’ என்றால் எழுந்து வருவார். மூன்று வாக்கியத்திலும் கடினச் சொல் ஒன்றும் இல்லை. ஆனால் நோயாளியின் சொல், மாற்றத்தின் வேகம் இரண்டும் அதில் இருக்கின்றன.

வகுப்பு முடிந்த பிறகு ஒரு நர்ஸ் நின்று, தமிழ்த் தாத்தா பாட்டிகள் இதை எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டார். அவருடைய வார்டில் நம் ஆட்கள் நிறையவாம். ‘என்னமோ பண்ணுது’, ‘ஒரு மாதிரியா இருக்கு’, ‘படபடன்னு வருது’, ‘உயிர் போயிடும் போல இருக்கு’ என்று சொல்லிக்கொடுத்தேன். சீன உச்சரிப்பை ரோமன் எழுத்தில் எழுதும் அவர்களுடைய முறையிலேயே நோட்டில் எழுதிக்கொண்டார். முதல் இரண்டு வெறும் அஜீரணத்துக்கும் சொல்வார்கள், அதனால் முகத்தையும் வேர்வையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், நான்காவது காதில் விழுந்தால் யோசிக்காமல் டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்றேன். அடுத்த வாரம் இன்னும் இரண்டு நர்சுகள் அதே பட்டியலைக் கேட்டு வந்தார்கள். இப்போது ஹொக்கியன், மலாய் பேசும் முதியவர்கள் சொல்வதையும் வார்டில் விசாரித்து அந்தப் பட்டியலோடு சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.